வீட்டுத் தோட்டமும் விதைக்கும் காலமும்

சகோதர வியாபாரிகளே! இம்மாதப் பாடம் கொள்முதல் கணக்கைப் பற்றியதன்று. ஜகாத் கணக்கைப் பற்றியதுமன்று. வீட்டு வாசலில் இரண்டொரு பெட்டி வைத்துக் கீரையும் புதினாவும் பயிர் செய்வது எப்படி, அதிலும் முக்கியமாக எப்போது என்பதைப் பற்றியது. "காய்கறி விற்கிறவனுக்குக் காய்கறித் தோட்டம் எதற்கு?" என்று கேட்போர் இருப்பார்கள். நியாயமான கேள்விதான், அதற்குப் பின்னால் வருவோம். முதலில் காலத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். ஏனெனில், தோட்டம் போட்டுக் கைவிட்ட நம்மவர்களில் அநேகர் சோம்பலினால் கைவிடவில்லை. காலமும் திசையும் பாராமல் விதைத்து, விதைத்தது வராமற்போன வெறுப்பினாலேயே கைவிட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

பொட்டலம் சொல்லும் வசந்தம்

பேரங்காடியில் விற்கும் விதைப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். "வசந்த காலத் தொடக்கத்தில் விதைக்கவும்" என்று போட்டிருக்கும். சிலவற்றில் மார்ச், ஏப்ரல் என்று மாதமே அச்சிட்டிருக்கும். இங்கிலாந்து போன்ற குளிர் தேசத்தாருக்காக எழுதிய குறிப்பு அது. அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழுந்து மண் இறுகிக் கிடக்கும். பகலும் எட்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும். மார்ச் பிறந்து பகல் நீண்டு, பனி விட்டு, மண்ணில் சூடேறிய பிறகே விதை கண் திறக்கும். ஆகவே வசந்தம் என்பது அவர்களுக்கு வெப்பம் திரும்பி வரும் காலம்.

நமது சிங்கப்பூரோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றேகால் பாகைக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமே. மண் எந்நாளும் சூடாகவே இருக்கிறது. இங்கே வெப்பம் திரும்பி வருவதற்கு அது எங்கும் போகவில்லை. ஆகையால் பொட்டலத்தில் உள்ள மாதத்தை நம்புவது, லண்டன் கடிகாரத்தைப் பார்த்து இங்கே கடை திறப்பதைப் போன்றதாகும்.

நம் ஊர்க் கணக்கும் இங்கே செல்லாது. ஆடிப் பட்டம் என்றும் தைப் பட்டம் என்றும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது கடையநல்லூருக்கும் இராமநாதபுரத்துக்கும் அந்த மண்ணில் பெய்யும் மழைக்கும் பொருந்திய கணக்கு. ஆடியில் இங்கே விதைத்தாலும் முளைக்கத்தான் செய்யும்; ஆனால் ஆடி என்பதற்காக முளைக்காது.

அப்படியானால் இங்கே வசந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. அது குளிரைக் கொண்டு அறியப்படுவதன்று. மழையைக் கொண்டும், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைக் கொண்டும் அறியப்படுவது.

மழை

வடகிழக்குப் பருவக்காற்று இங்கே டிசம்பரிலிருந்து மார்ச் முதல் வாரங்கள் வரை வீசுகிறது. இதன் முற்பாதியும் பிற்பாதியும் ஒன்றல்ல. டிசம்பரிலும் ஜனவரியிலும் வானம் மூடி, இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்வதுண்டு. டிசம்பர் மாதத்துச் சராசரி மழை 300 மில்லிமீட்டருக்கு மேல். பிப்ரவரியிலோ அது ஏறக்குறைய 100க்கு இறங்கிவிடுகிறது. வருஷத்தில் பெரும்பாலும் மழை குறைந்த மாதம் அதுவே. காற்று வீசும், வெயில் அடிக்கும், சாயங்காலத்தில் துணி காயும்.

அடைமழையில் விதைத்தால் என்னவாகும்? முளைத்து இரண்டு இலை விட்ட நாற்று மண்மட்டத்தில் கறுத்து மெலிந்து சாய்ந்துவிடும். பூச்சி கடித்தது என்று நினைத்து மருந்து வாங்கப் போவார்கள். அது பூச்சியன்று, ஈரம் வடியாத மண்ணில் உண்டாகும் பூஞ்சை நோய். இளம் நாற்றுக்கு இந்த ஆபத்து அதிகம். ஒரு சாண் வளர்ந்த செடிக்குக் குறைவு. ஆகவே பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரையில் விதைத்துவிட்டால், வறண்ட நாட்களில் நாற்று வேர் பிடித்துக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை வரும்போது செடி அதைத் தாங்கும் வலுவோடிருக்கும். இதையே சிங்கப்பூரின் வசந்தத் தொடக்கம் என்று நாம் சொல்வோம். பினாங்குச் சகோதரர்களுக்குக் கணக்குச் சற்று மாறும். அங்கே ஜனவரியிலேயே மழை ஓய்ந்திருக்கும். கிளந்தான் பக்கத்தில் உள்ளவர்கள் பெருவெள்ளக் காலம் முழுவதும் கழியட்டும் என்று பொறுத்திருப்பதே நல்லது.

வெயில் விழும் பக்கம்

இனிச் சொல்வதுதான் பாடத்தின் முக்கியமான பாகம். நிலவீட்டுக்காரர் இதைப் படிக்காமல் விட்டாலும் பாதகமில்லை. அடுக்கு வீட்டுக்காரர் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அடுக்கு வீட்டுக்காரர்களே.

சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் அது வருஷம் முழுவதும் நம் தலைக்கு நேர் மேலாகச் செல்வதில்லை. ஏறக்குறைய மார்ச் 24 முதல் செப்டம்பர் 19 வரை அது நமக்கு வடக்குப் புறமாகச் சாய்ந்து செல்கிறது. மற்ற ஆறு மாதமும் தெற்குப் புறமாகச் சாய்ந்து செல்கிறது. இதைப் பரீட்சித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மதரஸாவில் லுஹர், அஸர் நேரத்தை அறிய நிழலை அளக்கக் கற்றுக்கொடுத்தார்களே, அந்தப் பாடம் போதும். லுஹர் வக்து தொடங்கும் சமயம் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள். டிசம்பர் மாதத்தில் அதன் நிழல் வடக்கே விழும். ஜூன் மாதத்தில் தெற்கே விழும். மார்ச் 24ஆம் தேதியை ஒட்டி, பகல் 1 மணி 10 நிமிஷ அளவில், நிழலே அநேகமாய் மறைந்து குச்சியின் அடியில் ஒடுங்கிவிடும். பினாங்கில் இந்த நாள் ஏப்ரல் 3 அளவில் வரும்.

இதற்கும் கீரைக்கும் என்ன சம்பந்தம்? அடுக்கு வீட்டுத் தாழ்வாரத்துக்கு மேலே கூரை. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் மாத்திரமே திறப்பு. திறப்பு வடக்கே பார்த்திருந்தால், மார்ச் கடைசி வரையில் அங்கே நேர் வெயில் எட்டிப் பார்ப்பதே அரிது. அதன்பின் செப்டம்பர் வரையில் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் உள்ளே வரும். திறப்பு தெற்கே பார்த்திருந்தால் இதற்கு நேர் எதிர். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயில்; பிறகு ஆறு மாதம் நிழல். கிழக்கு, மேற்குப் பார்த்த வீடுகளுக்கு வருஷம் முழுவதும் அரைநாள் வெயில் உண்டு. கிழக்கு வெயில் மிருதுவானது, கீரைக்கு ஏற்றது. மேற்கு வெயில் கடுமையானது, மிளகாய்க்கும் வெண்டைக்கும் நல்லது; மல்லியை அது வாட்டிவிடும்.

ஒரே கட்டடத்தில் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய விதையைப் போட்ட இருவரில் ஒருவருக்குச் செழித்து, மற்றவருக்கு மஞ்சளாய் நீண்டு விழுந்துவிடுவதன் காரணம் இதுவே. "அவர் கைராசி" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். கைராசியன்று, திசை.

உங்கள் வீட்டுத் திறப்பு எந்தத் திசை என்று தெரியாவிட்டால், தொழும் விரிப்பை விரிக்கும் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் கிப்லா மேற்குக்குச் சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. கிப்லாவை முன்னோக்கி நின்றால் வலப்புறம் வடக்கு, இடப்புறம் தெற்கு, முதுகுப்புறம் கிழக்கு என்று கொள்ளலாம். துல்லியமாய்ச் சொன்னால் எல்லாம் 23 பாகை தள்ளியே இருக்கும்; செடி வைப்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

எதிர்க் கட்டடம் வெயிலை மறைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடை விடுமுறையான ஒரு நாளில் காலை 8 மணி, 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி, 6 மணிக்குத் தாழ்வாரத்துக்குப் போய், வெயில் விழும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வையுங்கள். பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். நாலு மணி நேரம் வெயில் விழுமிடத்தில் கீரை வரும். ஆறு மணி நேரம் விழுந்தால் மிளகாயும் வெண்டையும் வரும். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவென்றால் புதினா, ரம்பை இலை இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லாத வெயிலை எந்த உரமும் ஈடு செய்யாது.

ஆகவே கிழக்கு, மேற்குப் பார்த்தவர்கள் பிப்ரவரி பிற்பாதியில் தொடங்கலாம். வடக்குப் பார்த்தவர்கள் பெட்டியையும் மண்ணையும் இப்போதே தயார் செய்துவிட்டு, மார்ச் கடைசி வாரத்தில் விதைக்கலாம். அவர்களுடைய வசந்தம் அப்போதுதான் பிறக்கிறது. தெற்குப் பார்த்தவர்கள் இந்த மாதமே வெந்தயக்கீரை போட்டு ஒரு மாதத்துக்குள் அறுத்துவிட வேண்டும். மிளகாய் ஆசையை அக்டோபருக்குத் தள்ளி வைப்பது உத்தமம்.

எதற்காகப் பயிரிடுவது?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். வியாபாரிக்கு வியாபாரி பேசுவதனால் மறைக்காமல் பேசலாம். ஒரு பெட்டியில் விளையும் கங்கோங் கீரை இரண்டு மூன்று கட்டுக்கு மேல் தேறாது. அதற்கு 25 அல்லது 30 நாள் காத்திருக்க வேண்டும். தேக்காச் சந்தையில் கட்டு ஒன்றை வெள்ளி சில்லறைக்கு வாங்கிவிடலாம். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் வாங்குகிறவர்களுக்கு அதுவும் இல்லை. மண் விலையையும் உழைப்பையும் எழுதிப் பார்த்தால், கங்கோங் பயிரிடுவது நஷ்டக் கணக்குத்தான். இதை மறைத்து, "வீட்டிலேயே விளைத்துப் பணம் மிச்சப்படுத்துங்கள்" என்று எழுதுவோரின் பேச்சை நாம் ஒப்புவதில்லை.

ஆனால் வீட்டுக் குப்பைத் தொட்டியை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். புதினா ஒரு கட்டு வாங்குகிறோம். பிரியாணிக்கோ துவையலுக்கோ கால் பங்கு செலவாகிறது. மீதி குளிர்பெட்டியில் கறுத்து நாலாம் நாள் குப்பைக்குப் போகிறது. மல்லித்தழை அப்படியே. கறிவேப்பிலை, ரம்பை, பச்சை மிளகாய் எல்லாம் அப்படியே. நாம் தின்பதற்குக் கொடுக்கும் விலை குறைவு. எறிவதற்குக் கொடுக்கும் விலையே அதிகம். கடையில் அழுகல் கழிவு எவ்வளவு என்று தினமும் பார்க்கிற நாம், வீட்டில் அதைப் பார்ப்பதில்லை. செடியில் நிற்கும் புதினா அழுகாது. ஆறு இலை வேண்டுமென்றால் ஆறு இலையே கிள்ளலாம். ஆகவே வீட்டுத் தோட்டத்துக்கு நாம் சொல்லும் விதி இது: அதிகமாய்த் தின்பதைப் பயிரிடாதீர்கள், அதிகமாய் எறிவதைப் பயிரிடுங்கள். நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு வேண்டிய புதினாவும் மல்லியும் என்ன விலைக்குப் போகும் என்பதை வேறொருவர் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலை சொல்பவர்கள் நாமல்லவா!

இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் தீவு தனக்கு வேண்டிய ஆகாரத்தில் நூற்றுக்கு 90க்கு மேல் வெளியிலிருந்தே தருவிக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கப்பல் வரவு நின்றபோது, வீட்டு முற்றங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு மக்கள் உயிர் பிழைத்த கதையை மூத்தவர்கள் சொல்லி அறிவோம். கொவிட் நோய்க்காக 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை ஊர் அடைபட்டிருந்த சமயம், கடைக்கு முன் நின்ற வரிசையை நாமே கண்டோம். அந்த ஜூன் மாதத்தில் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்கள் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகள் கேட்டு வாங்கின. அவற்றில் எத்தனை பொட்டலம் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றனவோ! பெட்டித் தோட்டம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. ஐந்து பேர் உள்ள குடும்பம் நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேல் காய்கறி உண்ணும். அதற்குத் தாழ்வாரம் காணாது. ஆனால் பயிரிடத் தெரிந்த கை ஒரு வீட்டில் இருப்பது வேறு, ஒருவருக்குமே தெரியாமலிருப்பது வேறு.

பெட்டியும் மண்ணும்

பூந்தொட்டிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மீனும் கீரையும் வரும் வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டி நமது கடைப் பின்புறத்தில் குவிந்து கிடக்கிறது. இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒரு அடி ஆழமுள்ள பெட்டி கீரைக்கு மிகவும் பொருத்தம். வெயிலில் அதன் சுவர் சூடேறாது என்பது அதன் தனிச் சிறப்பு. மிளகாய்க்கும் வெண்டைக்கும் எண்ணெய் டின்னோ, 25 கிலோ அரிசிச் சாக்கைப் பாதிவரை மடித்ததோ போதும்.

ஓட்டை போடுவதில் ஒரு நுட்பம் உண்டு. இதை நமக்குச் சொல்லித்தந்தவர் நண்பர் ஒருவருடைய தகப்பனார். எழுபதைத் தாண்டியவர். திருநெல்வேலிச் சீமையில் வயலோடு வளர்ந்து, இங்கு வந்து மகனுடைய பத்தாம் மாடி வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்தவர். மகன் பெட்டி வாங்கிவந்து அடியில் ஓட்டை போட்டபோது அவர் எழுந்து வந்தார்.

"ஏம்ப்பா, ஓட்டையை எங்கே போட்டே?"

"அடியிலேதான் அத்தா."

"அடியிலே போட்டா தரையோட ஒட்டிக்கிடும். தண்ணி எப்படி இறங்கும்? பக்கத்திலே போடு, அடியிலேருந்து ஒரு விரல்கடை மேலே. நாலு பக்கமும் போடு."

அன்றைக்கு எழுந்தவர் பிறகு அந்தப் பெட்டிகளை விட்டு நகரவில்லை என்று நண்பர் சொல்கிறார். சர்க்கரை வியாதிக்காக நடக்கச் சொல்லி வைத்தியர் சொல்லும்போதெல்லாம் மறுத்தவர், இப்போது தண்ணீர்க் குவளையோடு தாழ்வாரத்தில் நாலு முறை போய்வருகிறாராம். வீட்டில் பெரியவர் இருக்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்க. நாம் காலையில் கடைக்குப் போனால் இரவு பத்து மணிக்குத் திரும்புகிறவர்கள். தோட்டம் போடுவது நாமும், தண்ணீர் ஊற்றுவது வீட்டுப் பெண்களும் என்றானால், அது அவர்களுக்கு மேலும் ஒரு வேலையாகவே முடியும். முதலில் யார் பார்ப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்த பிறகு பெட்டியைத் தூக்கி வாருங்கள். அப்படி யாருமில்லையென்றால், சுபுஹுத் தொழுகைக்குப் பின் பத்து நிமிஷம் ஒதுக்க முடியுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே பெட்டிக்கு அந்தப் பத்து நிமிஷம் போதும். ஐந்து பெட்டிக்குப் போதாது.

மண் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். இங்குள்ள செம்மண் மழையில் களியாகி, வெயிலில் செங்கல்லாகிவிடும். அதைத் தனியே போடக்கூடாது. தோட்ட மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு கலக்க வேண்டும். நார்த்தூளில் உப்பு இருப்பதுண்டு. இரண்டு முறை தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். கலவையைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

மக்கிய உரத்துக்கு மூலப்பொருள் நமது கடையிலேயே உள்ளது. கழித்த கீரை, முட்டைக்கோசின் மேல் இலை, வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு ஆகியவை ஒரு பங்கு. கிழித்த அட்டைப் பெட்டி, உலர்ந்த சருகு இரண்டு பங்கு. மூடியுள்ள வாளியில் காற்றுக்கு ஓட்டையிட்டு, அடுக்கடுக்காய்ப் போட்டு, வாரமொருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த மண்ணாகும். நாற்றமடித்தால் ஈரம் அதிகமென்று அறிந்து அட்டையைச் சேர்க்கவும். மீன், இறைச்சி, சமைத்த சோறு, எண்ணெய்ப் பண்டம் சேர்க்கக்கூடாது, எலி வரும். அவசரக்காரர்கள் முதல் முறைக்கு உர மூட்டையை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

விதை

விதைக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. மூட்டையில் இருக்கும் வெந்தயமும் மல்லியும் விதைதானே! ஆனால் எல்லாச் சரக்கும் முளைக்காது. சில சரக்கு சூடேற்றிப் பதப்படுத்தி வந்திருக்கும், சில பழையதாயிருக்கும். சரக்கு எடுக்குமுன் மாதிரி பார்ப்பது போல இதற்கும் மாதிரி பார்க்க வேண்டும். எண்ணி 20 விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். வெந்தயம் இரண்டு மூன்று நாளில் முளைவிடும். மல்லிக்குப் பத்து நாளாவது பொறுக்க வேண்டும். 15க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பத்தோடு நின்றால் இரட்டிப்பாய்த் தூவ வேண்டும். ஒன்றுமே முளைக்காவிட்டால் அந்த மூட்டை குழம்புக்கே ஆனது.

மல்லியை விதைக்குமுன் உள்ளங்கையால் மெல்ல அழுத்தி இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒரு மல்லிக்குள் இரண்டு விதை இருப்பதைப் பலர் அறியார். பிளந்ததை ஓரிரவு ஊறவைத்து, காலை வெயில் மாத்திரம் படுமிடத்தில் போட வேண்டும். இந்த நாட்டுச் சூட்டில் மல்லி சீக்கிரம் பூத்துவிடும். ஆகையால் 35 நாளுக்குள் அறுத்துவிட்டு மறுபடி விதைக்க வேண்டும். வெந்தயக்கீரை மூன்று நாலு வாரத்தில் அறுவடைக்கு வரும். முதன்முதலில் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நம்பகமான பயிர் வேறில்லை.

புதினாவுக்கு விதையே வேண்டாம். கட்டிலிருந்து தடித்த தண்டாகப் பார்த்து நாலைந்து எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் வேர்விடும். கங்கோங், கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி இவற்றையும் சமைத்த பின் மிஞ்சும் தண்டைக் கொண்டே நடலாம். கறிவேப்பிலைக்குக் கன்று வாங்குவதே நல்லது. அது நிதானமாய் வளரும், முதல் ஆண்டில் அதிகம் கிள்ளக்கூடாது. மிளகாய் காய்க்க இரண்டரை மாதத்துக்கு மேலாகும். வெண்டை 50 முதல் 60 நாள்.

குளிர் தேசத்துப் பொட்டலத்தில் வரும் தக்காளி, காரட், பட்டாணி முதலியவற்றைத் தொடக்கக்காரர் தொடவேண்டாம். தக்காளிச் செடி இங்கே ஆளுயரம் வளரும், பூவும் பூக்கும். இரவு வெப்பம் குறையாததனால் பூ உதிர்ந்துவிடும். காரணம் தெரியாமல் அதற்கு உரத்தின் மேல் உரம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறோம்.

விதையை அதன் பருமனைப் போல் இரண்டு பங்கு ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். மேலே மெல்லிய மண் தூவி, கையால் தண்ணீர் தெளித்து, முளைக்கும் வரையில் ஒரு பழைய கோணியால் மூடிவைத்தால் புறாவும் மைனாவும் கொத்தாது. முளை தெரிந்த அன்றே கோணியை எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரும் கொசுவும்

தண்ணீர் தினந்தோறும் காலையில் ஒரு முறை. வறண்ட பிப்ரவரிக் காற்றில் மாலையிலும் ஒரு முறை. விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள்; ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். அரிசி கழுவிய நீரை அன்றன்றைக்கே ஊற்றிவிடலாம். ஒளுச் செய்த நீரைப் பாத்திரத்தில் பிடித்துச் செடிக்கு ஊற்றவும் யாதொரு தடையுமில்லை. அசுவினி, மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இலையின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள், மிஞ்சினால் வேப்பெண்ணெய். தின்னும் கீரையில் கடுமையான மருந்தடிப்பதானால் கடைக் கீரையே மேல்.

டெங்கிக் கொசு விஷயத்தில் மாத்திரம் அலட்சியம் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிடக் காசளவு தண்ணீர் போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாளே ஆகிறது. பெட்டிக்கடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரே அதற்குத் தொட்டில். தட்டை நீக்கிவிடுங்கள், வைத்தே தீர வேண்டுமானால் மணலால் நிரப்பிவிடுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். மண் இறுகி மேலே நீர் நின்றால் கிளறிவிட வேண்டும்.

தாழ்வாரம் பொதுவழி. தீ விபத்தில் ஆட்கள் ஓடவும் தூக்குப்படுக்கை போகவும் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டுமென்பது விதி. சுவர் விளிம்பின் மேல் தொட்டி வைப்பதை நினைத்தும் பார்க்கக்கூடாது. கீழே நடப்பவன் தலை என்னாகும்? பெட்டி வைக்குமுன் அடுத்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முதல் அறுவடையில் ஒரு பிடி அவர்கள் வீட்டுக்குப் போனால், பிறகு அவர்களும் உங்கள் செடிக்குக் காவல். வாசலில் அறவே வெயில் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். 2005 முதல் பேட்டைதோறும் சமூகத் தோட்டங்கள் இயங்கி வருகின்றன. பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள பாத்திகளை மூன்றாண்டுக் குத்தகைக்குக் குலுக்கல் முறையில் தேசியப் பூங்காக் கழகம் கொடுத்துவருகிறது.

கடைசியாக ஒன்று. நம்மவர்கள் ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போவது வழக்கம். மார்ச் முதல் வாரத்தில் விதைத்த கீரை அதற்குள் இரண்டு முறை அறுத்தாகிவிடும். மூன்றாம் முறை விதைக்காமல் மண்ணைக் காயவிட்டுச் செல்லலாம். மிளகாயும் கறிவேப்பிலையும் அண்டை வீட்டாரின் பொறுப்பில் போகட்டும். காய்ப்பதை அவர்களே பறித்துக்கொள்ளட்டும். பெட்டிகளுக்கடியில் தட்டுகள் இருந்தால், விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.